மூணாவது ஆணியைத் தொடாதே, மருமவனே

வா மருமவனே, இப்படித் திண்ணையில இரி. ஒங்கப்பா செஞ்ச பின்பால் விளையாட்டுப் பெட்டியைப் பரண்ல இருந்து எறக்கிட்டியாமே? அக்கா விளக்குமாத்தோட நிக்கும்போதே நெனச்சேன். முப்பது வருசமா அதுல குடியிருந்த கரப்பான் எல்லாம் இப்ப அடுக்களையில வாடகைக்கு வந்திருக்காம்.

நீ எழுதி வச்ச சாமான் பட்டியலையும் பாத்தேன். கலர் பல்பு, பேசுத ஸ்பீக்கர், புள்ளி காட்டுத திரை... நல்லாத்தான் இருக்கு. கெழவிக்கு ஒட்டியாணம் அப்புறம் பூட்டலாம்லே. மொதல்ல எந்திரிச்சு நிக்காளான்னு பாரு.

அதனால முத வேலை, கடைக்குப் போயி ஒரு ரசமட்டம் வாங்கு. பெட்டி இடது வலதா ஒரு நூல்கூடச் சாயக்கூடாது. இதை மட்டும் மறந்திராத. நான் அழுத்திச் சொல்லுதேன். பின்னால இருந்து முன்னால சரியுததுக்கு ஆறரை டிகிரி கணக்கு. ஒங்கப்பா போட்ட நாலடிப் பலகைக்குப் பின்பக்கம் அஞ்சரை அங்குலம் உசந்து நிக்கணும். கொறஞ்சா குண்டு மாமனார் வீட்டுக்குப் போன மாப்பிள்ளை மாதிரி அசையாது. கூடுனா கடன்காரனைக் கண்டவன் மாதிரி ஓடும்.

அடுத்தது குண்டு. அத்தான் லாரி பேரிங்கை ஒடச்சு எடுத்தது அது. அமெரிக்காக்காரன் போடுத குண்டு ஒன்னே மாகாணி அங்குலம், எண்பது கிராம். நம்மளது கிட்டத்தட்ட அந்த அளவுதான், ஆனா துரு ஏறிக் குழிவிழுந்து கெடக்கு. துருக்குண்டு உருளுத உப்புத்தாள். பலகையில அத்தான் வரைஞ்ச மயிலை ஒரே வாரத்துல கோழியாக்கிப் போடும். புதுசு வாங்கு. பலகையைத் துடைக்கேன்னு தண்ணியைக் கொட்டிராத, ப்ளைவுட் அப்பளமாப் பொரிஞ்சிரும். ஈரத்துணியும் வேண்டாம். தூசி தட்டி, மெழுகு தேச்சு, பழைய பனியனால பாலீஷ் போடு. ஆணிக்கு ஆணி சுத்துன சைக்கிள் ட்யூப் எல்லாம் காஞ்ச வத்தலாப் போச்சு, அதை மாத்து.

இனி ஒன் ஆசைக்கு வாரேன். அத்தான் சைக்கிள் பிரேக் கம்பி கட்டி இழுத்த, குண்டைத் தட்டிவிடுத ஃப்ளிப்பருக்குக் காயில் மாட்டப்போறியாம். மாட்டு. கெணத்து மோட்டாருக்குக் காயில் கட்டியே கண்ணு மங்குனவன் சொல்லுதேன், அதுல ஒரு சுத்து பத்தாது, ரெண்டு சுத்து வேணும். அடிக்கதுக்குத் தடிச்ச கம்பி, தூக்கிப் பிடிச்சிருக்கதுக்கு மெல்லிசுக் கம்பி. ஃப்ளிப்பர் மேல எந்திரிச்சதும் ஒரு சின்ன சுவிட்சு தடிச்ச சுத்தைத் துண்டிச்சிரணும். அது இல்லாம பொத்தானை அமுக்கிட்டே நின்னேன்னு வையி, வீடெல்லாம் வார்னிஷ் வாசம். அக்கா பால் கருகிட்டுன்னு அடுப்பை அணைப்பா. காயிலுக்குக் குறுக்க ஒரு டயோடு போடு. கரண்டை நிறுத்தினதும் காயில் கோவிச்சுக்கிட்டுத் திருப்பி ஒரு உதை விடும். நீ ஆசையா வாங்குன போர்டு அதுல சிவலோகம் போயிரும். ஃபியூஸ் வைக்க மறந்திராத. இஞ்சினியரிங் படிச்சவன்கிறதால சொல்லுதேன். படிக்காதவன்னா தானா வைப்பான்.

போன மாசம் செல்லுல இந்த ஆட்டத்தைப் பத்தி நீதானே கதை கதையாப் படிச்சுக் காட்டுனே? 1942-ல நியூயார்க் மேயர் லாகார்டியா, இது சூதாட்டம்னு தடை போட்டு, சுத்தியலை எடுத்துப் பெட்டியைச் சாத்துனாராமே. 1947-ல காட்லீப் கம்பெனிக்காரன் ஹம்ப்டி டம்ப்டின்னு ஒரு பெட்டியில ஆறு ஃப்ளிப்பர் வச்ச பெறவுதான் ஆடுதவன் கைக்கு வேலையே வந்துச்சு. அதுக்கு முந்தி, இழுத்து விட்டுட்டுச் சாமி கும்பிட்டா சரி. 1976-ல ராஜர் ஷார்ப்னு ஒருத்தன் நகரசபையோர் முன்னால நின்னு, "குண்டு நடுவழியாப் போகும் பாருங்க"ன்னு சொல்லி இழுத்து விட்டானாம். சொன்னபடியே போச்சு, தடையும் போச்சு. அதைக் கேட்டதுல இருந்து எனக்கு மனசு குளுந்து கெடக்கு. ஏன்னா நானும் அப்படித்தானேலே? "இடப்பக்கக் குழிக்குப் போகும் பாருங்க அத்தான்"னு சொல்லிச் சொல்லி அடிப்பேன். போகும். கால்கிலோ கருப்பட்டி மிட்டாய் பந்தயம். எத்தனை வருசம் தின்னுருக்கேன் தெரியுமா?

அதனால ரெண்டே ரெண்டு விசயத்துல இந்த மாமன் பேச்சைக் கேளு. பெட்டிக்குள்ள வளையம் வச்சு, கொத்தனார் தூக்குக்குண்டு மாதிரி ஒன்னைத் தொங்கவிட்டு, ஆட்டினா ஆட்டம் முடிஞ்சதுன்னு சொல்லுத சமாச்சாரத்தை வைக்காதே. வயசானவன் சும்மா பெட்டியில கையை ஊனக்கூடாதா? ரெண்டாவது, இடது ஓரத்துல மூணாவது ஆணி கொஞ்சம் வளைஞ்சிருக்கும். அதை நிமித்திராத. அது ஒங்கப்பா கைப்பட அடிச்சது, பரம்பரைச் சொத்து. புராதனம்னா என்னன்னு இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எங்க தெரியுது?

என்னத்துக்குச் சிரிக்கே? அது தானா வளைஞ்சதா, கொறடு வச்சு வளைச்சதான்னு இப்ப எதுக்கு விசாரணை?

ஒங்கப்பா மட்டும் என்ன யோக்கியமா? வலது பின்காலுக்கு அடியில ஒரு ஓட்டுச்சில்லு செருகி வச்சிருப்பாரு. நான் ஆடும்போது மட்டும் அது அங்க இருக்கும். அதுக்குத்தான்லே மொதல்லயே ரசமட்டம் வாங்கச் சொன்னேன்.