பேட்டுக்கார மாமா

அலங்காநல்லூர்ப் பக்கம் அறுப்பு முடிந்த வயலில், ஞாயிற்றுக்கிழமை காலை பத்துப் பொடியன்கள் கூடினால் நடுவே ஒரு பெரிய ஆளும் நிற்பார். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். மடித்துக் கட்டிய லுங்கி, மேலே ஏதோ ஒரு வருஷ ஜல்லிக்கட்டில் தம்பிமுறைக்காரன் போட்டிருந்த எண் பொறித்த பனியன், கையில் பேட். பேட் அவருடையது. ஆகவே கேப்டன், அம்பயர், கோச் எல்லாம் அவரே.

"பிள்ளைகளுக்கு நாலு சொல்லிக் கொடுக்கணும்ல" என்பது வீட்டில் சொல்லிவிட்டு வந்த காரணம். முதல் பாடம், மாமா ஓப்பனிங் இறங்குவதை வேடிக்கை பார்ப்பது. முதல் பந்தில் போல்டானால் அது டிரையல் பால். இரண்டாவதில் போல்டானால், "நெல்லுத் தாள்ல பட்டுத் திரும்பிருச்சுடா, செல்லாது." மூன்றாவதை ஒருவன் ஒன் பிட்ச் கேட்ச் பிடித்துவிட்டால், அந்தச் சட்டம் சின்னப் பயல்களுக்கு மட்டும்தான் என்று அப்போதே திருத்தம் வரும்.

பாடம் நடத்துவதில் மனிதர் அசல் உள்ளூர்க்காரர். ஜல்லிக்கட்டில் கொம்பையோ வாலையோ பிடிக்கக் கூடாது, திமிலைத்தான் அணைய வேண்டும் என்பது இங்கே பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். "பந்தும் அப்படித்தாண்டா. அங்கிட்டு இங்கிட்டுப் பராக்குப் பார்க்காம ஒரே எடத்தப் பாரு!"

அணியின் கடைக்குட்டி, ஆறு வயது ஒப்புக்குச் சப்பாணி. அவனுக்கு மட்டும் தனிச் சட்டம். பாதி தூரத்தில் நின்று கையைத் தாழ்த்திப் பந்து போட வேண்டும். ஸ்டம்ப் விழுந்தாலும் இன்னொரு பந்து உண்டு. அவன் பந்து வீசும்போது கையை மடக்கி மாங்கா எறிந்தாலும் யாரும் வாய் திறக்கக் கூடாது.

கிரிக்கெட் உலகம் கமிட்டி போட்டு வந்து சேர்ந்த இடமும் ஏறக்குறைய இதுதான். ஆண்கள் கிரிக்கெட்டில் பந்து 156 முதல் 163 கிராம். 13 வயதுக்குட்பட்டவர்களுக்கு 133 முதல் 144 கிராம் போதும் என்று எம்சிசி விதியே இறங்கி வருகிறது. மாமாவின் டென்னிஸ் பந்து 60 கிராமைத் தொடாது. இங்கிலாந்தில் சிறுவர்களை ஜோடி ஜோடியாக இறக்கி ஆடவிடும் முறை ஒன்று உண்டு. அவுட்டானாலும் வெளியேற வேண்டாம், ரன்னில் மட்டும் கழித்துக்கொள்வார்கள். 5 முதல் 8 வயதுப் பிள்ளைகளுக்காகவே பிளாஸ்டிக் பேட்டும் மெத்தென்ற பந்துமாக 2017ல் அங்கே ஒரு திட்டமும் தொடங்கினார்கள்.

மாமாவின் கணக்கு வேறு. முதல் பந்திலேயே அவுட்டாகி அழுதுகொண்டே வீட்டுக்குப் போனவன் அடுத்த ஞாயிறு வர மாட்டான். அவன் வராவிட்டால், மாமா கரும்புக்காட்டுக்குள் அடிக்கிற பந்தை யார் தேடுவது?

இந்தக் கணக்கை வெளியே சொல்ல முடியுமா? பிள்ளையைத் தேடிக்கொண்டு வரப்பில் வந்து நிற்கும் தாய்மார்களிடம் அவர் எடுத்துவிடுவது பந்துவீச்சாளர் நடராஜன் கதை.

"சேலம் சின்னப்பம்பட்டி மதினி! இதே டென்னிஸ் பந்துலதான் ஆரம்பிச்சாரு. 2021ல மாட்டுப் பொங்கலன்னிக்கு, ஜனவரி 15, பிரிஸ்பேன்ல மொத டெஸ்ட். அன்னிக்கே லபுஷேன், வேடு ரெண்டு பேரையும் தூக்கிட்டாருல்ல!"

தேதியில் பிழை கிடையாது. மறுநாள் அலங்காநல்லூர் வாடிவாசல் திறந்தபோது, பிரிஸ்பேனில் இரண்டாம் நாள் ஆட்டம். ஒரு கண்ணால் காளையையும் மறு கண்ணால் செல்போனில் ஸ்கோரையும் பார்த்தவர் மாமா.

மதினி அசரவில்லை. "அவரு சொந்த ஊர்ல கிரவுண்டே கட்டிட்டாரு, 2023ல தினேஷ் கார்த்திக் வந்து தொறந்து வச்சாரு, நானும் டிவில பார்த்தேன். நீங்க புதுப் பந்து வாங்கணும்னு எம்மவன்கிட்ட இருபது ரூவா வாங்குனீங்களே, அது என்னாச்சு?"

"ஓவர் முடிஞ்சது, எடம் மாறுங்கடா!" என்று கத்திக்கொண்டே மாமா எதிர்முனைக்கு நடந்தார். அந்த ஓவரில் நான்கு பந்துதான் போட்டிருந்தார்கள்.