ஃபோர்வர்ட் நானா

ஊருக்கு ஒரு ஃபோர்வர்ட் நானா உண்டு. லக்கலவுக்கு வருகிறவர் மாத்தளைக்காரர். புடவை வியாபாரம். ரத்தோட்டை வழியாக ரிவஸ்டன் ஏறி இறங்கி, களுகங்கை நீர்த்தேக்கத்தில் மூழ்கிய பழைய டவுனுக்குப் பதிலாகக் கட்டிய புது டவுனுக்குத் துணிமூட்டையோடு வந்து சேருவார். மூட்டையில் சாரமும் சட்டையும். ஃபோனில் முழு உலகமும்.

நக்கிள்ஸ் காட்டு வளைவுகளில் சிக்னல் அறுந்துபோகும். அந்தக் கொஞ்ச நேரந்தான் உம்மத்துக்கு ஓய்வு. சிக்னல் திரும்பும் இடத்தில் வேனை நிற்பாட்டச் சொல்வார். பிளேன்டி குடிக்க என்று நினைக்காதீர்கள். குடும்பக் குழுமம், மஹல்லா குழுமம், ஓ.எல். படித்தவர்கள் குழுமம், உம்ராவுக்குப் போய்வந்து வருடக்கணக்காகியும் கலையாத உம்ராக் குழுமம் என்று எல்லாவற்றுக்கும் வந்த செய்தியை அனுப்பி முடித்த பிறகுதான் வேன் நகரும்.

நானா நல்ல மனுசன். மையத்துச் செய்தி அவரிடமிருந்துதான் முதலில் வரும். இரத்தம் தேவை என்றால் உடனே போடுவார். நோயாளி சுகமாகி வீட்டுக்குப் போய், பிறகு பேரப்பிள்ளையும் கண்டிருப்பார். நானாவின் புண்ணியத்தில் அந்த நம்பருக்கு இன்னும் அழைப்புப் போய்க்கொண்டிருக்கும். 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயலில் மலைப்பாதைகள் மண்சரிந்து அடைபட்டபோது, எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று முதலில் சொன்னவர் அவர்தான். அணைக்கட்டு உடைந்துவிட்டது என்று முதலில் சொன்னவரும் அவர்தான். அணைக்கட்டு அப்படியே இருந்தது.

சாப்பாட்டு விசயத்தில் நானா படு கவனம். பிஸ்கட் பக்கெட்டை வெளிச்சத்துக்குப் பிடித்து, மூக்குக் கண்ணாடியை உயர்த்தி, எறும்பளவு எழுத்தையும் வாசிப்பார். ஈ 471 என்று கண்டால் பக்கெட் கடைக்காரன் கைக்கே திரும்பிவிடும். அது தாவரத்திலிருந்தும் எடுக்கப்படுவது என்று கடைக்காரன் சொன்னாலும் எடுபடாது. ஈ நம்பர் எல்லாம் பன்றிக்கொழுப்பு என்ற பட்டியல் நானாவிடம் இருக்கிறது. அந்தப் பட்டியல் எங்கிருந்து வந்தது? உம்ராக் குழுமத்திலிருந்து.

பலமுறை கைமாறிய செய்திக்கு வாட்ஸ்அப் இரட்டை அம்புக்குறி போடுகிறது. 2020 ஏப்ரலிலிருந்து அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஒரு இடத்துக்குத்தான் அனுப்பலாம். நானாவின் விளக்கம் வேறு: “ரெண்டு அம்பு ஈக்கி. அப்ப எத்தன பேர் சரி பாத்தீப்பாங்க!” ஒவ்வொன்றாய் அனுப்பக் கை வலித்தால், எழுத்தைப் பிரதி எடுத்துப் புதிதாக ஒட்டிவிடுவார். அம்பும் போய்விடும், தடையும் போய்விடும்.

அவருடைய சேமிப்பில் மூத்தது மதீனாவின் ஷெய்க் அஹ்மத் கண்ட கனவு. இத்தனை பேருக்கு அனுப்பினால் பரக்கத், அனுப்பாவிட்டால் முஸீபத். வாப்பா காலத்தில் இது தபாலில் வந்தது. அதற்கும் முன்னால், 19ஆம் நூற்றாண்டிலேயே டச்சு அறிஞர் ஸ்னூக் ஹுர்க்ரோன்யே இதைப்பற்றி எழுதிவிட்டார். சவூதியின் ஷெய்க் பின் பாஸ் இது கட்டுக்கதை என்று தனியாக எழுதியே மறுத்தார். ஆனாலும் ஷெய்க் அஹ்மத் ஓய்வு பெறவில்லை. இப்போது நானாவின் ஃபோனில் வேலை பார்க்கிறார்.

நானாவின் திறமையை முழுசாகப் பார்க்க ரமழான் 29ஆம் நாள் மாலை வரவேண்டும். கொழும்பு பெரிய பள்ளிவாசலில் ஜம்இய்யதுல் உலமாவும் முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்களமும் கூடியிருக்கும். நாடே வானொலிப் பக்கம் காதை வைத்திருக்கும். மஃரிப் முடிந்து சற்று நேரத்தில் நானாவின் குரல்பதிவு வரும்: “பிற கண்டாச்சி. பெரிய பள்ளிக்குள்ள ஈக்கிற நம்மட ஆள் ஒருத்தர் செல்றார்.” பிள்ளைகள் தக்பீர் சொல்லும். வட்டிலப்பம் அடுப்பேறும். ஸஹருக்கு எடுத்துவைத்த இறைச்சியை யாரோ சாப்பிட்டு முடித்துவிடுவார்கள். பிறகு வானொலி அமைதியாகச் சொல்லும்: பிறை தென்படவில்லை, நோன்பு முப்பது. குழுமத்தில் நானாவின் பதிவு இருந்த இடத்தில் ‘இச்செய்தி அழிக்கப்பட்டது’ என்ற ஒற்றை வரி மட்டும் கிடக்கும்.

கேட்டால் பதில் தயார். “எனக்கு வந்தீக்கி, நான் போட்டேன். பொய்யெண்டா பாவம் எழுதினவன்ட கழுத்துல.” இந்தக் கணக்கு மார்க்கத்தில் செல்லாது. கேட்டதையெல்லாம் சொல்லித் திரிவதே ஒருவனைப் பொய்யனாக்கப் போதும் என்ற கருத்தில் ஒரு ஹதீஸ், ஸஹீஹ் முஸ்லிமின் முன்னுரையிலேயே இருக்கிறது. பனூ முஸ்தலிக் கோத்திரத்திடம் ஸகாத் எடுக்கப் போனவர் பாதி வழியில் பயந்து திரும்பி, கொல்ல வந்தார்கள் என்றார். உண்மையில் அவர்கள் வரவேற்க வந்தவர்கள். செய்தியை விசாரிக்கச் சொல்லும் ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் அந்தச் சந்தர்ப்பத்தில் இறங்கியது என்று தப்ஸீர்கள் சொல்கின்றன. விசாரிக்காமல் விட்டிருந்தால் படை கிளம்பியிருக்கும். யார் சொன்னார், அவருக்கு யார் சொன்னார் என்று சங்கிலி பார்த்தே ஹதீஸ்களைப் பொறுக்கியெடுத்த சமுதாயத்தில் பிறந்தவருக்குக் கடைசியில் கிடைத்த ஸனது, ‘நம்மட ஆள் ஒருத்தர்’.

இதில் சிரிப்பு நின்றுபோகிற இடம் ஒன்று உண்டு. 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அம்பாறையில், முஸ்லிம் சாப்பாட்டுக் கடைக் கறிக்குள் மலட்டு மாத்திரை என்ற கதை ஃபோனுக்கு ஃபோன் பாய்ந்தது. கடை போனது, பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் சோதித்தபோது அது வெறும் மாக்கட்டி. அடுத்த வாரம் நக்கிள்ஸ் மலைக்கு அந்தப் பக்கம் திகனவும் தெல்தெனியவும் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறையில் எரிந்தன. அரசாங்கம் ஃபேஸ்புக், வாட்ஸ்அப், வைபரைச் சில நாட்கள் முடக்கியது. அன்று அந்த மாத்திரைக் கதையை அனுப்பிய விரல்களும் ‘எனக்கு வந்தது’ என்றுதான் சொல்லியிருக்கும். நானா அதை மன்னிக்கவில்லை, மன்னிக்கவும் தேவையில்லை. ஆனால் அடுத்த சமூகத்தைப் பற்றி வருகிற கதையை அதே விரலால்தான் தள்ளிவிடுகிறார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருப்பார். குழுமத்தில் வைத்து அவரை அவமானப்படுத்தாதீர்கள். தனியாகக் கூப்பிட்டு, “யார் செல்லிய நானா?” என்று மட்டும் கேளுங்கள். பொய் என்று தெரிந்தால் அழித்துவிட்டு நழுவவும் விடாதீர்கள். அழிப்பது தவ்பா ஆகாது. ஆட்களின் மானம் சம்பந்தப்பட்டது அடியார்களின் ஹக்கு. பொய் போன இடமெல்லாம் திருத்தமும் போகவேண்டும். அந்தத் திருத்தத்தை மட்டும் எத்தனை குழுமத்துக்கும் ஃபோர்வர்ட் பண்ணுங்கள், நானா. அதற்கு நன்மை உண்டு.