இரண்டு ஜோடிப் பேடும் மூன்று நிமிடச் சட்டமும்

2023 நவம்பர் 6. டெல்லியில் உலகக் கோப்பை ஆட்டம். இலங்கையின் ஏஞ்சலோ மேத்யூஸ் ஆட வந்தார், ஹெல்மெட் வார் அறுந்தது. வேறு ஹெல்மெட் வந்து சேர்வதற்குள் வங்கதேச கேப்டன் ஷகிப் அல் ஹசன் அம்பயரிடம் முறையிட்டார். ஒரு பந்தைக்கூடச் சந்திக்காமல் மேத்யூஸ் 'டைம்டு அவுட்' ஆகித் திரும்பினார். முதல் டெஸ்ட் நடந்தது 1877-ல். அன்றிலிருந்து 146 ஆண்டு சர்வதேச கிரிக்கெட்டில் யாருக்கும் நேராதது அது. உலகமே வாய் பிளந்தது.

வண்டலூரைத் தாண்டி வாடகை மைதானம் ஒன்றில் ஞாயிறுதோறும் ஆடுகிற ஓர் அணி மட்டும் வாய் பிளக்கவில்லை. அங்கே இது காலை ஆறே முக்காலிலிருந்து பத்தரைக்குள் நாலைந்து தடவை நடக்கிற சமாச்சாரம்.

காரணம் எளியது. அணியிடம் இருப்பது இரண்டு ஜோடிப் பேடு. ஆட்டத்தில் எந்நேரமும் இரண்டு பேர் மட்டை பிடித்து நிற்பார்கள். ஆக, ஒருவர் அவுட்டாகி வந்து கழற்றினால்தான் அடுத்தவர் கட்ட முடியும். அவுட்டானவரோ வந்ததும் கழற்றுவதில்லை. புளியமரத்தடியில் உட்கார்ந்து, பந்து மேட்டிங் விரிப்பின் மடிப்பில் பட்டு எழும்பிய விதத்தையும், தான் உண்மையில் அவுட்டே இல்லை என்பதையும் சொல்லி முடித்த பிறகே பக்கிளில் கை வைப்பார். அடுத்தவர் ஆடத் தயாராகச் சட்டம் தருகிற அவகாசம் மூன்று நிமிடம். உலகக் கோப்பையில் அதையும் இரண்டாகக் குறைத்திருந்தார்கள். இங்கே விளக்கவுரைக்கே நான்கு நிமிடம் ஆகும். பேடைவிட அந்தரங்கமான இன்னொரு தற்காப்புச் சாதனமும் இப்படித்தான் கைமாறுகிறது. குடும்பப் பத்திரிகை என்பதால் அதை இத்துடன் விட்டுவிடலாம்.

இந்த அணியின் பதினோராவது ஆட்டக்காரர் ஒரு பத்திரிகைக்காரர். மட்டை பிடிக்கும் முறை பெரும்பாலும் வராது என்பதால் ஸ்கோர் நோட்டு அவர் மடியில். ஒருநாள் வாய்த்தகராறு முற்றியபோது, லண்டன் எம்சிசி வெளியிடும் கிரிக்கெட் சட்டங்கள் மொத்தத்தையும், 42 சட்டங்கள், அச்சடித்துக் கொண்டுவந்து கிட் பேக்கில் போட்டார். படிக்கப் படிக்க அவருக்கு ஒரு சந்தேகம் வலுத்தது: லார்ட்ஸில் உட்கார்ந்து இதை எழுதியவர்கள் டெஸ்ட் ஆட்டத்தைப் பார்த்து எழுதவில்லை. வண்டலூருக்கு வந்து போயிருக்கிறார்கள்.

முதல் சட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அணிக்கு 11 பேர். ஆனால் இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் கூடவோ குறையவோ ஆடலாம் என்கிறது. கோலியும் ஸ்மித்தும் ஆடுகிற ஆட்டத்துக்கு எதற்கு இந்த வரி? இது வேறு யாருக்காகவோ எழுதப்பட்டது. வியாழக்கிழமை வாட்ஸ்ஆப் குழுவில் 14 பேர் கட்டைவிரல் தூக்குகிறார்கள். சனி இரவு அது 11. ஞாயிறு காலை ஐந்தரைக்கு ஒருவருக்கு மாமனார் வந்துவிடுகிறார், ஒருவருக்கு முகூர்த்தம் நினைவுக்கு வருகிறது, இன்னொருவர் போனை எடுப்பதே இல்லை. மே மாதம் கத்திரி வெயிலும் வைகாசி முகூர்த்தமும் சேர்ந்து வந்தால் கேட்கவே வேண்டாம். சென்ற மே மாத ஞாயிறு ஒன்றில் எட்டுப் பேர் நின்றார்கள். எதிரணியிடம் இரண்டு பேரைக் கடன் வாங்கி, அணியில் ஒருவரான ஆடிட்டர் தன் பிளஸ் ஒன் முடித்த பையனைத் தூக்கத்திலிருந்து எழுப்பிக்கொண்டு வந்ததும் கணக்கு நேரானது.

இங்கே அம்பயரிங் பேட்டிங் அணியின் பொறுப்பு. எனவே 'நோ எல்பி' என்று டாஸுக்கு முன்பே பேச்சு. தன் அணிக்காரனுக்கு, அதுவும் திரும்பிப் போகும்போது காரில் இடம் தரப்போகிறவனுக்கு, யார் விரல் தூக்குவார்கள்? எல்பிடபிள்யூ சட்டப் புத்தகத்தில் நுழைந்தது 1774-ல். அந்த வகையில் வண்டலூரில் நடப்பது அதற்கும் முந்தைய கிரிக்கெட். பழமை விரும்பிகள் நேரில் வந்து பார்க்கலாம்.

அந்த மே ஞாயிறன்று எதிரணி முதலில் ஆடியது. மைதானத்தின் மேற்கு ஓரம் முழுக்கச் சீமைக்கருவேலம். மூன்றாவது ஓவரில் பந்து அதற்குள் போனது. தெருக் கிரிக்கெட்டில் இதற்குத் தீர்ப்பு தெளிவு: அடிச்சவன்தான் எடுக்கணும். எம்சிசி அவ்வளவு தெளிவாக இல்லை. முன்பெல்லாம் ஃபீல்டிங் அணி 'லாஸ்ட் பால்' என்று குரல் கொடுத்தால் ஆடுகிற அணிக்குக் குறைந்தது ஆறு ரன். 2017-ல் அந்தத் தனிச் சட்டத்தையே எடுத்துவிட்டு, பந்து கிடைக்கவில்லை என்றால் டெட் பால் என்று முடித்துவிட்டார்கள். முள்ளுக்குள் யார் கையை விடுவது என்பதுதான் அசல் கேள்வி. அதற்கு இரண்டு பதிப்பிலும் பதில் இல்லை. கடைசியில் போனவர் அணியின் பல் டாக்டர். குறுகிய இடத்தில் கைவிட்டுப் பொருளை எடுப்பது அவர் தொழில்தானே என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தார்கள்.

பிறகு நாய். பொங்கல் பொட்டலம் பிரிக்கிற இடத்திலேயே வசிக்கும் அந்த வெள்ளை நாய், ஃபைன் லெக் பக்கம் உருண்ட பந்தைக் கவ்விக்கொண்டு கிளம்பியது. விரட்ட விரட்ட ஓடியது. மட்டையாளர்கள் இருவரும் ஏழு ரன் ஓடிவிட்டு மூச்சு வாங்க நின்றார்கள். அம்பயர், எதிரணி ஆள்தான், ஏழுக்கு என்ன சைகை என்று தெரியாமல் விரல்களை எண்ணிக்கொண்டிருந்தார். பத்திரிகைக்காரர் பின் பாக்கெட்டிலிருந்து தாளை உருவினார். 2022 அக்டோபரில் அமலுக்கு வந்த திருத்தம்: மைதானத்துக்குள் ஆளோ விலங்கோ வேறு பொருளோ புகுந்து, அதனால் ஏதாவது ஓர் அணிக்குப் பாதகம் என்றால் அம்பயர் டெட் பால் சொல்ல வேண்டும்.

"சார், நாய் உங்க ஊரு நாய். எங்க தப்பு என்ன இருக்கு?" என்றார் எதிரணி கேப்டன். நியாயமான கேள்வி. பேரம் பேசி இரண்டு ரன்னில் முடிந்தது. நாய் எந்தப் பேரத்துக்கும் வராமல் பந்தைத் தானாகவே போட்டுவிட்டுப் போனது.

அணியின் கேப்டன் வங்கி மேலாளர், வயது 44, பந்துவீச்சு மர்மச் சுழல். யாராவது சிரித்தால் வருண் சக்கரவர்த்தியைச் சாட்சிக்கு இழுப்பார். வருண் கட்டடக் கலைஞராக வேலை பார்த்தவர், 'ஜீவா' படத்தில் ஒரு ஓரத்தில் தலைகாட்டியவர், வேகப்பந்து போட்டு மூட்டில் அடிபட்ட பிறகு சுழலுக்கு மாறியவர், சென்னையில் நான்காம் டிவிஷன் லீக் ஆடியவர். 2018 டிசம்பர் ஐபிஎல் ஏலத்தில் 20 லட்ச ரூபாய் அடிப்படை விலையிலிருந்து 8.40 கோடிக்குப் போனார். எல்லாம் உண்மை. கேப்டனுக்கும் மூட்டு வலி உண்டு, அந்த ஒரு பொருத்தம் சரியாக இருக்கிறது. மற்றபடி அவருடைய மர்மப் பந்தைச் சென்னைப் பையன்கள் 'மாங்கா', அதாவது எறி, என்பார்கள். வீசும்போது முழங்கை நீள ஐசிசி 15 டிகிரி வரை பொறுத்துக்கொள்கிறது. கேப்டன் காப்பி டம்ளரைத் தூக்கும்போதே அதைத் தாண்டிவிடுவார்.

எட்டரைக்கு வெயில் தன் வேலையைத் தொடங்கியது. 1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவின் டீன் ஜோன்ஸ் 503 நிமிடம் நின்று 210 அடித்தார். மைதானத்திலேயே வாந்தி எடுத்து, முடிவில் மருத்துவமனையில் டிரிப்ஸ் ஏற்றும்படி ஆனது. அந்த டெஸ்ட் 'டை'யில் முடிந்ததைவிட அவருடைய டிரிப்ஸ்தான் ஊரில் இன்றும் பேச்சு. வண்டலூரில் நாலு ஓவர் ஃபீல்டிங்குக்கே தர்பூசணி இடைவேளை. அதற்கு எந்தச் சட்டத்திலும் இடமில்லை, ஆனால் இதுவரை எந்த அணியும் ஆட்சேபித்ததில்லை.

எதிரணி 20 ஓவரில் 148. இவர்கள் ஆடத் தொடங்கி ஐந்து விக்கெட் போயிருந்தபோது ஆடிட்டர் மட்டையோடு போனார். ஒரு கட் அடித்ததும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ரன்னர் கேட்டார்.

சர்வதேச ஆட்டத்தில் ரன்னரை ஐசிசி 2011-லேயே ஒழித்துவிட்டது. எம்சிசி சட்டத்தில் இன்னும் இருக்கிறது, யாருக்காக என்று இப்போது புரிந்திருக்கும். ஆனால் நிபந்தனைகள் உண்டு. காயம் அந்த ஆட்டத்தில் ஏற்பட்டது என்று அம்பயருக்குத் திருப்தி வர வேண்டும். ஆடிட்டர் மூட்டு 2009-லிருந்து வலிக்கிறது. அம்பயராக நின்ற கேப்டன் திருப்தி அடைந்தார். ரன்னர் முடிந்தவரை ஏற்கெனவே ஆடி முடித்தவராக இருக்க வேண்டும். 12 ரன்னில் ஸ்டம்பு பறந்திருந்த மகன் வந்தான். மட்டையாளர் கட்டியிருக்கிற பாதுகாப்புக் கவசம் ரன்னருக்கும் வேண்டும். இங்கேதான் சிக்கல். மறுமுனையில் பல் டாக்டர். ஆக மூன்று பேர், நான்கு பேடு. பங்கு பிரிப்பது ஆடிட்டருக்குக் கைவந்த கலை. தனக்கு இரண்டு, டாக்டருக்கு ஒன்று, பையனுக்கு ஒன்று என்று தீர்த்துவைத்தார்.

அடுத்த பந்து மிட் விக்கெட் பக்கம் நன்றாகவே போனது. பையன் ஓடினான், டாக்டர் ஓடினார். இருபது வருடப் பழக்கம் விடுமா, ஆடிட்டரும் ஓடினார். இருவரையும் முந்திக்கொண்டு ஓடினார் என்பதை ஸ்கோர் எழுதியவர் என்ற முறையில் பத்திரிகைக்காரர் உறுதி செய்கிறார்.

"அப்பா, நீ ஓடாதப்பா!"

காதில் விழவில்லை. பவுலர் முனையில் போய் மட்டையை ஊன்றிக் கம்பீரமாக நின்றார். பையனும் டாக்டரும் இரண்டாவது ரன்னையும் முடித்துவிட்டார்கள். அதன் பிறகு வந்த பந்தை வாங்கி விக்கெட் கீப்பர் சும்மா பெயிலைத் தட்டினார். பையன் கோட்டுக்குள். எல்லோரும் அவரவர் இடத்துக்குத் திரும்ப, எதிரணி கேப்டன் மட்டும் மெதுவாகக் கேட்டார்: "சார், இவரு எங்க நிக்கிறாரு?"

தாள் வந்தது. சட்டம் 25: ரன்னர் வைத்துக்கொண்டு மட்டையாடுபவர் தன் கோட்டுக்கு வெளியே இருக்கும்போது கீப்பர் முனையில் ஸ்டம்பு தட்டப்பட்டால், ரன்னர் எங்கே இருந்தாலும், அவர் அவுட். ஓடி முடித்த ரன்களும் சேராது. அந்தத் தாளைக் கொண்டுவந்தவர் சொந்த அணிக்காரர் என்பதை ஆடிட்டர் இன்றுவரை மன்னிக்கவில்லை. புளியமரத்தடிக்கு வந்து அவர் பேசிய பேச்சில் அடுத்த ஆளின் மூன்று நிமிடமும் போனது. அதற்கு அப்பீல் செய்யாமல் விட்டது எதிரணியின் பெருந்தன்மை.

ஆட்டம் 31 ரன்னில் தோல்வி. அந்த இரண்டு ரன் கிடைத்திருந்தால் 29-ல் தோற்றிருப்பார்கள். ஆடிட்டர் இதை இன்னும் குழுவில் எழுதிக்கொண்டிருக்கிறார், கணக்குத் தெரிந்தவர்.

வரும் ஞாயிறு மறு ஆட்டம். காலை ஆறு மணி, அதே மைதானம். இதை எழுதும்வரை ஒன்பது பேர் கட்டைவிரல் தூக்கியிருக்கிறார்கள். வாசகர் யாரிடமாவது சொந்தமாக ஒரு ஜோடிப் பேடு இருந்தால் வரலாம். ஆடத் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.