525 பவர் ஆசாமி

தொலைநோக்கி விற்கிற கடைக்கு ஒருவர் வருகிறார். நாற்பதை நெருங்கிய வயது, கையைப் பிடித்தபடி பத்து வயதுப் பையன். வாங்குவது பையனுக்காகத்தான் என்று அவர் சொல்வதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. பையன் அடுத்த அலமாரியில் இருக்கும் ட்ரோனை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. அவருடைய முதல் கேள்வி: "எத்தனை பவர் சார்?" இரண்டாவது: "எவ்வளவு தூரம் தெரியும்?" மூன்றாவது: "கூட என்னென்ன வரும்?" இரண்டாவது கேள்விக்கு உண்மையைச் சொன்னால் வியாபாரம் படுத்துவிடும். ஊர் வெளிச்சம் எட்டாத இருட்டில் ஆண்ட்ரோமெடா மண்டலம் வெறுங்கண்ணுக்கே மங்கலான திட்டாகத் தெரிகிறது. அது இருப்பது சுமார் 25 லட்சம் ஒளியாண்டு தள்ளி. அவ்வளவு தூரம் பார்க்கும் கருவிகள் இரண்டை மூக்குக்கு இருபுறமும் இலவசமாக வைத்துக்கொண்டுதான் மனிதர் கடைப்படி ஏறியிருக்கிறார். கடைக்காரர் விவரமானவர். அந்தக் கேள்வியைத் தாண்டி முதல் கேள்விக்குப் போய்விடுகிறார்: "525 பவர் சார்!"

இந்த ஆசாமியை அசடு என்று ஒதுக்கிவிடுவது விவரம் தெரிந்த வானியல் ஆர்வலர்களின் வழக்கம். அது அநியாயம். இவர் தம் குடும்பத்திலேயே கெட்டிக்காரர். மிக்சி என்றால் எத்தனை வாட், இன்வெர்ட்டர் என்றால் பேட்டரி எத்தனை ஆம்பியர், ஃபிரிட்ஜ் என்றால் எத்தனை லிட்டர் என்று கேட்டு, ஒரே விலைக்கு எதில் எண் பெரிதோ அதை வாங்கி வந்தவர். பெரும்பாலும் ஏமாந்ததும் இல்லை. "மாமா, வாஷிங் மெஷின் ஏழு கிலோவா எட்டு கிலோவா?" என்று அக்கா மகன் போன் போட்டுக் கேட்பது இவரிடம்தான். ஆனால் அந்த எண்கள் எல்லாம் பொருளுக்குள்ளேயே இருப்பவை. வாட் மோட்டாரில் இருக்கிறது, லிட்டர் பெட்டிக்குள் இருக்கிறது. பவர் மட்டும் தொலைநோக்கிக்குள் இல்லை. ஆகவே இவரைக் கவிழ்ப்பது இவருடைய சிக்கனம்தான் என்பது என் கட்சி. பணம் கொழுத்தவர் எதையோ வாங்கி எங்கேயோ போட்டுவிடுவார். எண்ணி எண்ணிச் செலவழிக்கிறவர்தான் விலைக்கு ஏற்ற எண்ணைத் தேடுவார். தேடுகிறவருக்கென்றே அந்த எண் அட்டைப்பெட்டியில் அச்சாகிறது.

கணக்கு ஐந்தாம் வகுப்புக் கணக்குதான். முன்னால் இருக்கும் லென்ஸின் குவியத் தூரத்தை, கண் வைக்கிற ஐபீஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் வருவது பவர். நம்மவர் கையில் கிடைத்தது 60 மி.மீ. விட்டமும் 700 மி.மீ. குவியத் தூரமும் கொண்ட குழாய். பெட்டிக்குள் மூன்று ஐபீஸ்கள்: எச் 20, எச் 12.5, எஸ்ஆர் 4. முதலாவதைப் போட்டால் 35 மடங்கு, இரண்டாவதில் 56, மூன்றாவதில் 175. இதற்கு மேல் பார்லோ என்று ஒரு சிறு குழாய். அது எதையும் மூன்றால் பெருக்கும். 175ஐ மூன்றால் பெருக்கினால் 525. ஆக, அந்த எண் பேனா முனையில் பிறந்தது. இரண்டு பார்லோக்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகியிருந்தால் 1575 என்று அச்சடித்திருக்கலாம். ஏன் விட்டுவைத்தார்கள் என்பதுதான் வியப்பு. நல்ல லென்ஸ், நல்ல வானம் இரண்டும் வாய்த்தாலும் விட்டத்தின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் இரண்டு மடங்கு என்பதுதான் நடைமுறை உச்சவரம்பு. 60 மில்லிமீட்டருக்கு 120. அதற்கு மேல் பெருக்கினால் மங்கல் மட்டுமே பெரிதாகும். பெட்டிக்குள் 'சன்' என்று பொறித்த கறுப்புக் கண்ணாடித் துண்டு ஒன்றும் இருந்தால் அதில் மட்டும் வேடிக்கை கிடையாது. ஐபீஸில் திருகும் அந்தச் சூரிய வடிகட்டி, குவிந்து வரும் வெயிலின் சூட்டில் விரிசல் விட்டால் கண் போய்விடும். பெட்டியைப் பிரித்த கையோடு அதைக் குப்பையில் போட்டுவிட வேண்டும்.

அன்று இரவு மொட்டை மாடி. பெட்டியின் மேல் சனிக் கிரகம், வளையத்தின் பிளவுகூடப் பளிச்சென்று தெரியும்படி, விண்கலம் பக்கத்தில் போய் எடுத்த படத்தில் மின்னுகிறது. ஆசாமி 35 மடங்கு ஐபீஸைத் தொடவே இல்லை. காசு கொடுத்தது 525க்கு. பார்லோவைச் செருகி, அதில் 4 மில்லிமீட்டரைச் செருகி, நிலாவைத் தேடுகிறார். அவ்வளவு பெரிய நிலா கிடைக்கவில்லை. காரணம், அந்தப் பெருக்கத்தில் நிலாவின் ஒரு மூலைதான் உள்ளே அடங்கும். அந்த மூலையும் பூமி சுழலும் வேகத்தில் அரை நிமிடம்கூட நிற்காமல் வெளியே ஓடிவிடும். தற்செயலாக மாட்டிக்கொண்டாலும், ஃபோகஸ் திருகியில் விரல் பட்டதும் மெல்லிய அலுமினிய ஸ்டாண்ட் நடுங்க, நடுக்கமும் 525 மடங்கு பெரிதாகிறது. வெளிச்சமோ, 35 மடங்கில் இருந்ததில் 225இல் ஒரு பங்கு. ஐபீஸிலிருந்து வெளிவரும் ஒளிக்கற்றையின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். அதில் நிலாவைவிட அவருடைய கண்ணுக்குள் மிதக்கும் தூசிகள்தான் தெளிவாகத் தெரியும். "அப்பா, என்ன தெரியுது?" "இருடா, மேகம் மறைக்குது." மேகம் கிடையாது. மறுநாள் தெருவில் அவர் தரும் அறிக்கை: "பவர் பத்தலைங்க. அடுத்த தடவை ஆயிரத்துக்கு மேலே போகணும்."

உண்மையில் வாங்க வேண்டியது விட்டம். விட்டம் இரட்டிப்பானால் சேரும் ஒளி நான்கு மடங்கு. 60 மில்லிமீட்டரை விட 130 மில்லிமீட்டர் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு ஒளியை வாங்கும். இரண்டு மடங்குக்கும் மேல் நுட்பமாகப் பிரித்துக் காட்டும். விஞ்ஞானிகள் கேட்பதும் இந்த ஒளியைத்தான். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்துக் கடந்தபோது, விமானத்தில் பறந்த தொலைநோக்கியைப் போலவே ஜவ்வாது மலையின் காவலூரில் இருந்த ஒரு மீட்டர் தொலைநோக்கியும் அந்த விண்மீனின் ஒளி எதிர்பாராத நேரத்தில் குறைந்து மீண்டதைப் பதிவு செய்தது. யுரேனஸின் வளையங்கள் அப்படித்தான் அகப்பட்டன. அன்றைக்கு யாரும் வளையத்தைப் பெரிதாக்கிப் பார்க்கவில்லை. ஒளி ஏறி இறங்கியதை அளந்தார்கள். நம்மவர் காவலூருக்குச் சுற்றுலா போனால் என்ன கேட்பார் என்று ஊகிக்கலாம். அங்கே 1986 முதல் நிற்கும் பெரிய தொலைநோக்கிக்கு 2.34 மீட்டர் விட்டம் என்று வழிகாட்டி சொல்லி முடிப்பதற்குள், "அது சரி, பவர் எத்தனை?"

இதற்கு அவருக்கும் ஒரு மறுப்பு உண்டு. அதை அலட்சியம் செய்ய முடியாது. "பெருசாக்காம சனி வளையத்தை எப்படிங்க பார்க்கிறது?" கேள்வி நியாயம்தான். பெருக்கம் வேண்டும், ஆனால் அவர் நினைப்பதில் சிறு பங்கு. கலீலியோ 1610 ஜனவரியில் வியாழனின் நிலாக்களைக் கண்டது சுமார் 20 மடங்கில். ஹைகன்ஸ் 1655இல் சனியின் நிலாவான டைட்டனைக் கண்டுபிடித்தது ஏறத்தாழ 50 மடங்கில். அவருடைய லென்ஸின் விட்டமும் நம்மவர் லென்ஸை ஒட்டியதுதான். கூடுதல் வேடிக்கை, பெட்டியில் கிடக்கும் 'எச்' ஐபீஸ்கள் அதே ஹைகன்ஸ் வகுத்த அமைப்பு. டைட்டனைக் கண்டவருக்கு அன்று 50 போதுமாக இருந்திருக்க, அவர் பெயரில் உள்ள ஐபீஸோடு வந்த பெட்டியில் 525 கேட்கிறார் நம் ஆசாமி. வியாழன் நமக்கு நெருங்கி வரும் மாதங்களில் 40 மடங்கு போதும். வெறுங்கண்ணுக்கு முழுநிலா எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிதாக வியாழன் தெரியும். கேட்டால் நம்பமாட்டார். ஒரு கண்ணை ஐபீஸிலும் மறு கண்ணை நிலாவிலும் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தாலொழிய யாருக்கும் நம்பிக்கை வராது. சனியின் வளையம் கிரகத்திலிருந்து விலகித் தெரிய 30, 40 போதும். 150ஐத் தாண்டினால் நம் ஊர் மாடிகளில் பகல் முழுக்க வெயில் குடித்த சிமென்ட் தளம் இரவில் கக்கும் சூட்டில், எவ்வளவு விலை உயர்ந்த தொலைநோக்கியிலும் கிரகம் நெளியும்.

ஐபீஸ் வாங்குவதிலும் சிக்கனக்காரர்தான் முதலில் மாட்டுகிறார். எண்ணிக்கை கூடினால் லாபம் என்று நினைத்து 20, 10 இரண்டையும் இரட்டிப்பு பார்லோவையும் சேர்த்து வாங்குவார். 20ஐ பார்லோவில் போட்டால் கிடைப்பது 10. அது ஏற்கெனவே கையில் இருக்கிறது. நான்கு பெருக்கங்களுக்குக் காசு கொடுத்து மூன்றைப் பெற்ற கணக்கு. அதையே 25, 10 என்று எடுத்தால் பார்லோவோடு 25, 12.5, 10, 5 என நான்கும் வெவ்வேறு. 650 மி.மீ. குவியத் தூரமுள்ள குழாயில் அவை முறையே 26, 52, 65, 130 மடங்கு. ஒரு வீட்டுக்கு நெடுநாள் போதும். இவை ப்ளோசல் வகையாக இருந்தால் நல்லது. வியன்னாவில் ப்ளோசல் 1860இல் செய்த அந்த அமைப்பு இன்றும் விலைக்கு மீறி உழைக்கிறது. எஸ்ஆர் 4இல் சாவித்துவாரத்தில் எட்டிப் பார்த்த கண்ணுக்கு, 25 மி.மீ. ப்ளோசலில் வாசற்கதவைத் திறந்துவிட்ட அகலம் கிடைக்கும். பணம் குறைவென்றால் முதலில் அந்த ஒன்றை மட்டும் வாங்கி ஆறு மாதம் ஓட்டலாம். இப்படிச் சொன்னால் நம்மவருக்கு முகம் வாடிவிடும். பெட்டியில் குழிகள் காலியாக இருப்பதை அவரால் தாங்க முடியாது.

"கையில பத்தாயிரம்தான் இருக்கு, பெரிய விட்டத்துக்கு எங்கே போறது?" இதுதான் வலுவான மறுப்பு. இதற்கு வழி காட்டியவர், தற்செயலாக, நமக்கும் கொஞ்சம் தூரத்து உறவு. 1915இல் பெய்ஜிங்கில் பிறந்த ஜான் டாப்சன், 1944இல் சான் பிரான்சிஸ்கோவில் ராமகிருஷ்ணர் மரபின் வேதாந்த மடத்தில் துறவியாகச் சேர்ந்தார். கையில் காசில்லாத சந்நியாசிக்கு வானம் பார்க்கும் ஆசை. கப்பல் சன்னலின் தடித்த கண்ணாடியைத் தேய்த்துக் குழியாடி செய்தார், அட்டைக் குழாயில் பொருத்தினார், ஒட்டுப்பலகைப் பெட்டியில் உட்கார வைத்தார். தொலைநோக்கிப் பித்து முற்றி 1967இல் மடத்தை விட்டு வெளியேற்றப்பட்டார். பிறகு தெருமுனையில் நின்று போகிறவர் வருகிறவர்களுக்கெல்லாம் நிலாவைக் காட்டினார். டாப்சோனியன் என்று இன்று விற்பது அந்த எளிய பெட்டிதான். காசு முழுவதும் கண்ணாடிக்குப் போகிறது. ஸ்டாண்டின் கால், கியர், பளபளப்பு எதற்கும் போவதில்லை. ஆனால் இதை ஆசாமியிடம் காட்டினால், "என்னங்க இது, தண்ணி ஹீட்டர் மாதிரி இருக்கு" என்பார். அவருக்குத் தொலைநோக்கி என்றால் மூன்று காலில் நிற்க வேண்டும், வெள்ளையாக, நீளமாக. நீளத்தில் இன்னொரு சூதும் நடக்கிறது: குவியத் தூரம் 1000 மி.மீ. என்று எழுதியிருக்கும், குழாயோ அரை மீட்டர்கூட இராது. மீதியை உள்ளே ஒளித்துவைத்த மலிவான லென்ஸ் இழுத்து ஈடுகட்டும். தெளிவு அங்கே செலவாகிவிடும்.

சின்ன டாப்சோனியனுக்கும் காசு எட்டாதவருக்கு 10x50 பைனாகுலர் இருக்கிறது. நிலாவின் பள்ளங்கள், வியாழனின் நிலாக்கள், கார்த்திகைக் கூட்டம் எல்லாம் கிடைக்கும். கூட ஒரு சாய்வு நாற்காலி வேண்டும். "பைனாகுலரா? அது கிரிக்கெட் பார்க்கிறதுக்கு" என்பதோடு ஆசாமி அந்தப் பேச்சை முடித்துவிடுவார். பத்து மடங்கு என்றால் அவருக்கு அவமானம்.

ஆகவே பட்ஜெட் இறுகியவர்களுக்கு ஆசாமியே மிச்சம் வைத்துவிட்டுப் போகிற வழி ஒன்று உண்டு. ஆறு மாதத்தில் அந்த 60 மி.மீ. விற்பனைக்கு வரும்: "ஒரே தடவை உபயோகித்தது, பெட்டியோடு, 525 பவர்." வாங்கலாம். லென்ஸில் பூஞ்சை இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். ஐபீஸ் போடும் துளை ஒன்றேகால் அங்குலமா என்று அளக்க வேண்டும். ஒரு அங்குலத்துக்கும் குறைவான பழைய அளவென்றால் நல்ல ஐபீஸ் எளிதில் பொருந்தாது. இரண்டும் சரியென்றால் ஸ்டாண்டின் நடுத்தட்டில் ஒரு செங்கல்லைத் தொங்கவிட்டு, ஒரு 25 மி.மீ. ப்ளோசல் வாங்கிப் போட்டால் 28 மடங்கில் நிலா முழுசாக, கத்திமுனைத் தெளிவில் நிற்கும். பேரம் மட்டும்தான் சிரமம். "அண்ணே, அந்த 4 மி.மீ., பார்லோ ரெண்டையும் நீங்களே வெச்சுக்குங்க, ஐந்நூறு குறைச்சுக்கலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். "தம்பி, பவரே அதுலதான இருக்கு. அதை எடுத்துட்டா வெறும் குழாய்தான். அப்படின்னா ஆயிரமே குறைச்சுக்கிறேன்."