புல்லட் சிலிண்டர் இடுக்கில் தங்கும் மென்துரு: ஒரு விசாரணை

1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் கைகோத்தன. புல்லட்டுக்கான தொழிற்சாலை எழுந்த இடம் திருவொற்றியூர். கூப்பிடு தூரத்தில் வங்கக்கடல். பழைய புல்லட்டின் சிலிண்டரோ வார்ப்பிரும்பு. சூடு தணியக் காற்றுப் படட்டும் என்று அதைச் சுற்றி அடுக்கடுக்காக ஃபின்கள். இரும்பையும் உப்புக்காற்றையும் இவ்வளவு அருகில் வைத்தபின் துரு ஆய்வுத் துறை தோன்றாமல் இருந்திருந்தால்தான் வியப்பு.

முதலில் ஆய்வின் எல்லை. துரு மூவகைப்படும். தட்டினால் செதில் செதிலாகக் கொட்டுவது முழுத்துரு. அது காயலான்கடைத் துறையின் பாற்பட்டது. சுரண்டினால் குழி தெரிவது அரைத்துரு. விரலால் தடவினால் காவிப் பொடி மட்டும் ஒட்டுவது மென்துரு. இக்கட்டுரை மூன்றாவதோடு நிற்கும். அதிலும் வெளி விளிம்பில் இருப்பதை யாரும் துடைத்துவிடலாம். ஃபின்னின் அடிவாரத்தில், பெயின்ட் வெந்து உதிர்ந்த இடத்தில், விரல் நுழையாத இடுக்கில் இருப்பதே ஆய்வுப் பொருள்.

மண்ணெண்ணெய் போதும் என்பர் ஒரு சாரார். பழைய டூத் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் தோய்த்துத் தேய்த்தால் கிரீஸும் சேறும் கரைந்து வரும், துரு கரையாது. நனைந்த துரு கறுத்துத் தெரிவதால் போய்விட்டதாகத் தோன்றும். காய்ந்ததும் காவி திரும்பும். இந்தப் பள்ளி இத்தனை காலம் நிலைத்ததற்கு இந்த மாயத்தோற்றமே காரணம் எனலாம்.

புளிப் பள்ளி இதைவிட வலுவானது. புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் துருவை மெய்யாகவே கரைக்கும். கழற்றிய நட்டு, போல்ட்டுகளைப் புளிக்கரைசலில் ஊறப்போட்டால் பலன் கண்கூடு. ஆனால் வண்டியில் மாட்டியிருக்கும் சிலிண்டரை எந்தச் சட்டியில் ஊறவைப்பது? ஊற்றினால் வழிந்து கீழேயுள்ள அலுமினிய கிராங்க்கேஸில் கறை பிடிக்கும். கழுவாமல் விட்ட புளிப்பு மறுபடியும் துருவை அழைக்கும்.

கோலா பானம் ஊற்றுவோரும் உளர். அதில் பாஸ்பாரிக் அமிலம் உண்டுதான்; அதைவிடச் சர்க்கரை அதிகம். எறும்பு ஆய்வு இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

டபிள்யூ.டி.-40 பிடித்தவர்களுக்கு ஒரு வரலாற்றுக் குறிப்பு. 1953இல் அமெரிக்காவின் சான் டியகோவில், நாற்பதாவது முயற்சியில் அமைந்த கலவை அது. ஈரத்தை விரட்டி, அட்லஸ் ஏவுகணையின் மேல்தகட்டுக்குத் துரு வராமல் காப்பதே அதன் வேலை. வந்த துருவைக் கரைப்பது அதன் சுதர்மம் அன்று.

இனி சித்தாந்தம். இடுக்குத் துருவுக்கு மருந்தைவிட, அங்கே போய்ச் சேரும் கருவியே முக்கியம். துணியில் ஒட்டிய எமரியை ஃபின் இடைவெளியைவிடக் குறுகலாக நீளவாக்கில் கிழித்து, சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியால் இடுக்கின் பின்புறம் தள்ளி, இரு முனைகளையும் பிடித்து மத்துக் கயிறுபோல மாறி மாறி இழுக்க வேண்டும். காகித எமரி வளைவிலேயே அறுந்துவிடும். ஸ்பார்க் பிளக் அதனிடத்தில் இறுக்கமாக இருக்கட்டும். கார்புரேட்டர் வாயையும் துணியால் அடைத்துவிட வேண்டும். எமரித் துகள் ஒன்று உள்ளே போனாலும் பிஸ்டனில் கீறல் விழும். பிறகு பனியன் வேஸ்டால் துடைப்பு. ஆயில் தடவுவது நிறுத்தி வைத்த வண்டிக்குத்தான்; ஓடும் இன்ஜினில் அது புகைந்து போகும், இருக்கும்வரை புழுதியையும் சேர்க்கும். வெப்பம் தாங்கும் சைலன்சர் பெயின்ட்டே ஓடும் வண்டிக்குச் சரி.

இதெல்லாம் வெட்டி வேலை என்போருக்கு: துருவை ஆராய்வதும் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தின் பணிகளில் ஒன்று. 1953 முதல் இயங்கும் அந்நிறுவனம், உப்புக்காற்றில் உலோகம் படும் பாட்டைப் பார்க்க மண்டபத்தில் தனி நிலையமே வைத்திருக்கிறது.

புல்லட்காரர்கள் ஒன்று செய்யலாம். சூடாக இருக்கும் சிலிண்டரில் குளிர்ந்த தண்ணீரைப் பீய்ச்ச வேண்டாம். வார்ப்பிரும்பு விரிசல் விடக்கூடும். ஆறியபின் கழுவுங்கள். கழுவிய கையோடு உறை போட்டு மூடாமல், தெருமுனை வரையாவது ஓட்டிவிட்டு வாருங்கள். இடுக்கில் நிற்கும் தண்ணீரை இன்ஜின் சூடே உலர்த்திவிடும்.