முதல் தரமும் ரேஷன் பாக்கெட்டும்

வைத்தியருக்குக் கொடுப்பதை வாணியருக்குக் கொடு என்று பெரியவர்கள் சொன்னது சமையலை மனத்தில் வைத்துத்தான். சோப்புக் கடைக்காரருக்குக் கொடுப்பதையும் சேர்த்து வாணியரிடமே கொட்டு என்று அதற்கு உரை எழுதியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

சோப்பு செய்யக் கிளம்பும் குடும்பத் தலைவனுக்கு முதலில் பிடிக்கும் நோய் தாராளம். கடையில் சோப்பு வாங்கும்போது இரண்டு ரூபாய் கூடினால் முகம் சுளிப்பவன், தானே செய்கிறான் என்றதும் பாதாம் எண்ணெய், ஆலிவ் எண்ணெய் என்று பட்டியல் போடுவான். என் பட்டியலை வாங்கிப் பார்த்த மனைவி, “தாளிக்கக் கால் கரண்டி கூட ஊத்தினா ஏன்னு கேக்கற ஆளு நீங்க. இப்ப கொழம்புல ஊத்தறதைவிட ஒசத்தியா முதுகுல தேய்க்கணுமா?” என்றாள். நான் மெடிமிக்ஸ் கதையை எடுத்துவிட்டேன். சென்னையில் ரயில்வே மருத்துவராக இருந்த வி.பி. சித்தன் 1969-இல் வீட்டிலேயே கையால் செய்து தொடங்கியதுதான் அது என்று விளக்கினேன். “அவர் டாக்டர்” என்றாள். அத்தோடு அந்த விவாதம் முடிந்தது.

மரச்செக்குக் கடைக்காரர் எப்போதும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “சமையலுக்கா சார், தலைக்கா?” சோப்புக்கு என்றேன். செக்கையே நிறுத்திவிடுவார்போல் பார்த்தார். “சோப்புக்கு எதுக்கு சார் முதல் தரம்? அடிக்கசண்டு கெடக்கு, எடுத்துட்டுப் போங்க. காசே வேணாம்” என்றார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. நான் உடம்பில் தேய்க்கப் போகும் பொருளுக்குக் கசண்டா?

பாதி அளவுக்கு அவர் சொன்னது நியாயம். எண்ணெயைச் சோப்பாக்கும் காஸ்டிக் சோடா எண்ணெயின் விலையைக் கேட்பதில்லை. பாட்டிலில் இருந்தபோது எண்ணெய்க்கு இருந்த மணம், குணம், பெருமை எல்லாம் அதனிடம் அகப்பட்டால் பெரும்பாலும் போச்சு. மிஞ்சுவது கொழுப்பு அமிலங்களின் உப்பும் கிளிசரினும்தான். கொழுப்புக்குள் என்ன இருக்கிறது என்பதை 1823-இல் நூலாக எழுதி விளக்கிய பிரெஞ்சுக்காரர் செவ்ரல், 102 வயது வரை வாழ்ந்தார். வீட்டுச் சமையலறையில் வைத்து இதைச் செய்து பார்த்திருந்தால் அத்தனை ஆயுசு கிடைத்திருக்காது. ஆனால் கசண்டும் ஆகாது. அழுக்கும் காறலும் ஏறிய எண்ணெய் சோப்பான பிறகும் காறல்தான்.

ஆகவே தோலுக்கு எது நல்லது என்று கேட்பதைவிட, எந்த எண்ணெயில் எந்த அமிலம் என்று கேட்பதுதான் முறை. தேங்காய் எண்ணெயில் கிட்டத்தட்டப் பாதி லாரிக் அமிலம். சோப்பு கெட்டியாக வரும். எங்கள் தெரு போர்வெல் தண்ணீரிலும் நுரைக்கும். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகவே யோசிக்கும் என்பதை இங்கே சொல்ல வேண்டும். ஆனால் தேங்காய் எண்ணெய் மட்டுமே போட்டுச் செய்தால், அழுக்கோடு தோலில் உள்ள எண்ணெய்ப் பசையையும் வழித்துக்கொண்டு போய்விடும். குளித்துவிட்டு வந்தவன் கையை நகத்தால் கீறினால் சிலேட்டில் எழுதியதுபோல் வெள்ளைக்கோடு விழும். அப்படித் தேங்காயை மட்டும் நம்புகிறவர்கள் காஸ்டிக்கை நூற்றுக்கு இருபது பங்கு வரை குறைத்துப் போட்டு, எண்ணெயில் கொஞ்சத்தைச் சோப்பாகாமல் மிச்சம் விடுவார்கள்.

நல்லெண்ணெய் மேல் எனக்கு ஒரு பாசம். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலில் வளர்ந்த உடம்பு. எண்ணெய் தேய்த்துப் பிறகு சீயக்காய் போடும் இரட்டை வேலையை ஒரே கட்டியில் அடக்கிவிடலாம் என்று மனக்கோட்டை கட்டினேன். ஆனால் நல்லெண்ணெயில் ஒலிக், லினோலிக் அமிலங்களே அதிகம். அது மட்டும் போட்டால் கட்டி கொழகொழவென்று நிற்கும். நாள்பட்டால் லினோலிக் கெட்டு, மேலே ஆரஞ்சு நிறத்தில் புள்ளி புள்ளியாகப் பூத்து, சிக்கு வாடை வரும். போதாக்குறைக்குச் செக்கில் எள் ஆட்டும்போது கருப்பட்டி சேர்ப்பார்கள். சர்க்கரைச் சத்து சோப்புக் கலவையில் சேர்ந்தால் நுரை கூடும், சூடும் கூடும், நிறமும் கறுக்கும். நல்லெண்ணெயை இட்லிப் பொடிக்கே திருப்பி அனுப்பினேன்.

வேப்பெண்ணெய் என் பெரியம்மாவின் சிபாரிசு. சொறி, சிரங்கு எதுவும் அண்டாது என்றார்கள். உண்மைதான், மனிதர்களும் அண்ட மாட்டார்கள். நூற்றுக்குப் பத்துப் பங்கு போட்டாலே அந்த வாடை காஸ்டிக்கையும் தாண்டி உயிரோடு இருக்கும். விளக்கெண்ணெய் நல்ல பிள்ளை. அதிலுள்ள ரிசினோலிக் அமிலம் எழும்பிய நுரையை அமுங்கவிடாது. ஐந்து முதல் பத்துப் பங்கு போதும், மிஞ்சினால் பிசுபிசுக்கும். பூஜைக் கடையில் விற்கும் தீப எண்ணெயை மட்டும் தொடாதீர்கள். அதில் எது எவ்வளவு என்று தெரியாமல் காஸ்டிக் கணக்கை எப்படிப் போடுவது? ஒவ்வொரு எண்ணெய்க்கும் தனிக் கணக்கு உண்டே.

எல்லாம் அலசி முடித்தபோதுதான் கட்டிக்குக் கெட்டித்தன்மையும் நீண்ட உழைப்பும் தரும் பால்மிட்டிக் அமிலம் நூற்றுக்கு நாற்பதுக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணெய் எது என்று கண்ணில் பட்டது. ரேஷன் கடைப் பாமாயில். பாதாமில் தொடங்கிய பயணம் குடும்ப அட்டையில் வந்து நின்றது. “அது பஜ்ஜிக்கு வச்சிருக்கேன்” என்று மனைவி பாக்கெட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். மாதக் கடைசி வரை பஜ்ஜி கேட்க மாட்டேன் என்று எழுதிக் கொடுக்காத குறையாக வாங்கினேன்.

கணக்கு இது: தேங்காய் எண்ணெய் 500 கிராம், பாமாயில் 400, விளக்கெண்ணெய் 100. இவற்றுக்கு 5 சதவீதம் குறைத்துப் போட்டால் காஸ்டிக் சோடா ஏறக்குறைய 153 கிராம். எல்லாமே தராசில் நிறுக்க வேண்டும். கடைக்காரர் லிட்டரில் தருவார்; ஒரு லிட்டர் எண்ணெய் ஒரு கிலோ தேறாது. காஸ்டிக்கைத்தான் தண்ணீரில் போட வேண்டும், தண்ணீரைக் காஸ்டிக்கில் ஊற்றக் கூடாது. அலுமினியப் பாத்திரம் பக்கமே போகக் கூடாது. நான் மொட்டைமாடியில் கையுறை மாட்டி, பைக் ஹெல்மெட்டின் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, எவர்சில்வர் பாத்திரத்தில் கலக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்த எதிர்வீட்டுக்காரர், “குளவிக் கூடா சார்?” என்று அக்கறையாக விசாரித்தார்.

கட்டி காய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை குளிக்க? மளிகைக் கடைச் சோப்புதான். அதையும் பட்டியலில் எழுதித்தான் வாங்குகிறோம்.

இதற்கிடையில் சாப்பிடும்போது பேச்சுவாக்கில், கொழுப்பு எதுவானாலும் சோப்பாகும், நெய்கூட ஆகும் என்று ஒரு பொது அறிவுத் தகவலைச் சொல்லிவைத்தேன். மறுநாள் நெய் டப்பா அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விட்டது. எனக்கு எட்டாது.