ஃபார்ம் சார்

எங்கள் மும்பை ஆபீஸின் ஃபார்ம் சார், செம்பூரில் ஏறி, குர்லாவில் மாறி, மாட்டுங்காவில் இறங்குகிறவர். உங்கள் ஆபீஸிலும் ஒருவர் இருப்பார். மீட்டிங்கில், "எல்லாரும் புதுசா யோசிங்கப்பா" என்பார். யாராவது யோசித்துத் தொலைத்தால் இழுப்பறையிலிருந்து ஒரு ஃபார்ம் வெளியே வரும்.

அதில் 11 கட்டம். யோசனை தோன்றியது வேலை நேரத்திலா, சாப்பாட்டு நேரத்திலா என்றுகூட ஒரு கட்டம். "லோக்கலில் தொங்கும்போது" என்று ஒருமுறை எழுதினேன். "அப்போ ஐடியா கம்பெனியோடதா, உங்களோடதா?" என்று கேட்டு, அதற்காகவே 12-வது கட்டம் சேர்த்தார். எவ்வளவு மிச்சமாகும் என்ற கட்டத்தில் 'தெரியாது' என்றால் ஃபார்ம் திரும்பி வரும். '2 சதவீதம்' என்று கூசாமல் எழுதினால் தாண்டிவிடும். ஆகவே 2 சதவீதம் மிச்சமாகும் யோசனைகள்தான் எங்களுக்குத் தோன்றுகின்றன.

எங்கள் தோல் பைகளைத் தைப்பது தாராவியில். அங்கே மாஸ்டர் ஒருவர் வெட்டிப்போட்ட துண்டுகளில் மூக்குக்கண்ணாடி உறை தைத்துக் காட்டினார். சார் தடவிப் பார்த்தார். "பிரமாதம்! ஃபார்ம் போட்டாச்சா?" மாஸ்டருக்கு எழுத வராது. அடுத்த மாதம் அதே உறை பக்கத்துக் கடையில் தொங்கியது.

ஒன்றை மறைக்கக் கூடாது. 2005 ஜூலை 26, சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. மழை பெய்தபோதும் ஒரு ரிஜிஸ்டர் போட்டார்: யார் யார் வீடு சேர்ந்தார்கள் என்று. கடைசிப் பெயருக்கு டிக் விழுந்தது மறுநாள் மாலை. அதுவரை நாற்காலியை விட்டு எழவில்லை.

கணக்கே வேண்டாம் என்று யார் சொன்னது? சாப்பாடு சுமக்கும் டப்பாவாலாவும் மூடியில் குறி போட்டுத்தான் கொண்டுபோகிறார். உள்ளே என்ன குழம்பு என்று கேட்பதில்லை.

ஃபார்மில் 'பேசவும்' என்று எழுதி ஒட்டுகிறாரே, அந்த மஞ்சள் சீட்டின் கதை சாருக்குத் தெரியாது. அமெரிக்காவில் த்ரீ எம் கம்பெனியில், 1968-ல் ஒருவருக்கு அரைகுறையாக ஒட்டும் பசை ஒன்று அகப்பட்டது. எதற்கு உதவும் என்று பல வருஷம் பிடிபடவில்லை. இன்னொருவர் சர்ச் பாட்டுப் புத்தகத்தில் அடையாளம் வைக்க அதைப் பயன்படுத்தினார். வேலை நேரத்தில் 15 சதவீதத்தைச் சொந்த யோசனைக்குச் செலவிடலாம் என்பது அங்கே வழக்கம். அந்தச் சீட்டு அமெரிக்கா முழுக்கக் கடைக்கு வந்தது 1980-ல். நம்ம சாரிடம் வந்திருந்தால், 'எவ்வளவு மிச்சம்' கட்டத்திலேயே அந்தப் பசை காய்ந்திருக்கும்.

என் ஃபார்ம் போன தீபாவளிக்குக் கொடுத்தது. மஞ்சள் சீட்டு பசை விட்டு விழுந்துவிட்டது. நானே பின் அடித்து வைத்திருக்கிறேன். சார், பேசவும் என்று எழுதினீர்களே, எப்போது பேசுவீர்கள்?